பெயர்கள் இல்லாத வலப்பக்கம்

புதன்கிழமை, மாலை

அன்புள்ள தம்பிக்கு,

நாலாம் வகுப்பில் படிக்கும்போது, உலக வரைபடத்தைத் தரையில் விரித்து, அதன் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டு நீ என்னிடம் ஒன்று கேட்டாய்: "அக்கா, கப்பல்ல நடுவுல இறங்கினவங்க மறுபடி ஏற முடியாதா?" நான் அப்போது ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருந்த புதிது. எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த வயது. இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. முப்பத்துச் சொச்சம் வருடம் பாடம் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். இந்த வாரம்தான் அந்தக் கேள்வியை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். நீ போனை எடுக்கமாட்டாய். ஆனால் கடிதம் என்றால் பிரித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் பேரம் பேசுகிறது. அங்கே நீயும் உன் மனைவியும் பாப்பாவும் சுகமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன்.

புதுப் பாடம் தொடங்குமுன் பழைய பாடத்தை ஒரு தரம் சொல்லிப்பார்ப்பது என் வழக்கம். பொறுத்துக்கொள். நம் தாத்தா முன்னாலேயே இந்த நாட்டுக்கு வந்து ரயில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நாலு வயது அப்பாவைக் கூட்டிக்கொண்டு பாட்டி பிறகு கப்பல் ஏறினாள். கப்பல் வந்த அன்று தாத்தாவுக்கு வேலை விடவில்லை. தன் தம்பியைத் துறைமுகத்துக்கு அனுப்பினார். அந்தச் சின்னத்தாத்தா பிள்ளையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "அண்ணி வழியிலேயே இறங்கிட்டாங்களாம்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அது வீட்டுக்கு வீடு போய், வாய்க்கு வாய் போய், "எவனோடயோ இறங்கிப் போயிட்டா" என்று வளர்ந்துவிட்டது. தாத்தா அதன் பிறகு அவளைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பா அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தார். நீ வெளிநாட்டு வேலைக்குப் பெட்டியோடு வாசலில் நின்றபோது "போடா, பாதியில இறங்கிப் போறது நம்ம ரத்தத்துலயே இருக்கு" என்று சொன்னாரே, அதுவும் அந்தப் பேச்சின் கடைசிப் பிள்ளைதான்.

இப்போது என்ன நடந்தது என்றால், சின்னத்தாத்தாவின் பேத்தி, நம் வக்கீலம்மா, குடும்ப மரம் ஒன்று வரைய ஆரம்பித்திருக்கிறாள். ஆவணக் காப்பகத்தில் பழைய கப்பல்களின் பயணிகள் பட்டியல்களைப் படமெடுத்துக் கணினியில் வைத்திருக்கிறார்களாம். பாட்டியின் பெயரைத் தேடி, பக்கத்தைக் கண்டுபிடித்து, குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். வரிசையின் கடைசிக் கட்டத்தில் "வழித் துறைமுகத்தில் இறங்கினார்" என்று இருந்தது. அதற்குச் சிவப்பு வட்டம் வேறு. நான் கூப்பிட்டுக் கேட்டால், "எழுத்துலயே இருக்கே அக்கா! இனிமே எந்தக் கோர்ட்டுக்குப் போவீங்க?" என்று சிரிக்கிறாள். கெட்டவள் இல்லை, உனக்கே தெரியும். அவளுக்கு அது ஒரு வழக்கு, தீர்ப்பு வந்துவிட்டது.

அப்பா அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். போனை என்னிடம் நீட்டிவிட்டு, எழுந்துபோய் முகம் கழுவினார். அன்று முழுக்க ரேடியோ போடவில்லை.

எனக்குக் கோபம். படத்தின் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? நானே போய்ப் பார்ப்பது என்று கிளம்பிவிட்டேன். காப்பகத்தின் படிப்பறை பள்ளி ஆய்வகம் மாதிரி இருக்கிறது. நீள மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, குளிரூட்டி அலறுகிறது. பொறுப்பாளர் வருடம் முழுக்க ஸ்வெட்டர் போட்டிருப்பவர் போல. பெயரைத் தட்டச்சு செய்தால் கணினி நேரே அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகிறது.

தம்பி, நான் சண்டைக்குப் போனவள், அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டேன்! பாட்டியின் பெயர். வயது இருபத்திரண்டு. அதற்குக் கீழே அப்பாவின் பெயர், வயது நான்கு, "மகன்". எண்பதைத் தாண்டிய மனிதர், பல் செட்டைத் தம்ளரில் போட்டுவிட்டு என்னோடு வாதாடுகிறவர், அங்கே நாலு வயதில் நிற்கிறார். எனக்கு அவரை மடியில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பாட்டி என்கிறோமே, அந்த இருபத்திரண்டு வயதுப் பெண் என் மகளைவிடச் சின்னவள்.

ஆனால் "வழித் துறைமுகத்தில் இறங்கினார்" என்பதும் அங்கேதான் இருந்தது. வக்கீலம்மா பொய் சொல்லவில்லை.

எழுந்து வரும் நேரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு கட்டத்தின் தலைப்பிலும் சின்னதாக எண் போட்டிருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தின் எண் பதினொன்று. அதன் வலது ஓரத்தில் முடிவுக் கோடே இல்லை. என்னவோ உறுத்துகிறது. நாளைக்கு மறுபடி போகிறேன். மாமா சொல்கிறார், "உங்க அக்கா இப்பல்லாம் என்னோட பேசறதைவிட செத்துப்போனவங்களோடதான் அதிகம் பேசறா"ன்னு எழுது என்று. எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

முதல் கடிதம் உனக்குக் கிடைக்குமுன்பே இரண்டாவதை எழுதுகிறேன். கை நிற்கமாட்டேன் என்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அது வயதால் இல்லை, சந்தோஷத்தால்.

எங்கள் பள்ளியின் மதிப்பெண் பதிவேடு நினைவிருக்கிறதா? விடுமுறையில் எனக்குக் கூட்டிப்போட்டுத் தருவாயே, அதுதான். விரித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே அட்டவணை. இடப்பக்கத்தில் பெயரும் பாட மதிப்பெண்ணும். கோடு மடிப்பைத் தாண்டி வலப்பக்கத்துக்குப் போகும். அங்கே மொத்தம், வருகை, கடைசியில் குறிப்பு. இடப்பக்கத்தை மட்டும் ஒருவன் படமெடுத்தால் என்ன ஆகும்? கணக்கில் ஒரு பையன் பூஜ்யம் என்று தெரியும். பரீட்சை அன்று அவன் கை உடைந்து கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான் என்பது தெரியாது. அது வலப்பக்கத்துச் சமாசாரம்.

கப்பல் பட்டியலும் அப்படித்தான்! விரித்த பதிவேட்டை இரண்டிரண்டு படமாக எடுத்திருக்கிறார்கள். இடப்பக்கத்தில் பெயர்கள் இருப்பதால் கணினி அதை மட்டும் காட்டுகிறது. அடுத்த படத்தில் பெயர்களே இல்லை. பன்னிரண்டாம் கட்டத்தில் ஆரம்பிக்கிறது. பெயரைத் தேடிப் போகிறவர் யாருக்கும் அது அகப்படாது. ஸ்வெட்டர்காரரிடம் கேட்டேன். "அந்தப் பக்கத்துல ஒண்ணுமே இல்லையேம்மா. பேரே கிடையாது. யாரும் கேட்டதும் இல்ல" என்றார். "நான் கேக்கறேன், காட்டுங்க" என்றேன், ஆறாம் வகுப்பை அதட்டும் குரலில். காட்டிவிட்டார்.

பெயர் இல்லாத பக்கத்தில் பாட்டியின் வரிசை எது? இடப்பக்கத்தில் மேலிருந்து எத்தனையாவது வரி என்று எண்ணிக்கொண்டேன். வலப்பக்கத்திலும் அதே போல எண்ணி வந்தேன். வரி நழுவாமல் இருக்கக் கைப்பையிலிருந்த அளவுகோலைத் திரையில் வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கத்தல்: "அம்மா! ஸ்கிரீன்ல கோடு கீடு போட்டுடாதீங்க!" "கோடு போட பென்சில் வேணும்யா, இது வெறும் ஸ்கேலு" என்றேன். அவர் சந்தேகம் தீராமல் என் பின்னாலேயே நின்றார். ஆகவே படித்தது நாங்கள் இருவரும்.

பாட்டியின் வரியில் இப்படி இருக்கிறது: "கடும் காய்ச்சல். கப்பல் மருத்துவர் உத்தரவின்படி துறைமுக மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். மகன் அடுத்த வரிசைப் பெண்ணின் பொறுப்பில் பயணத்தைத் தொடர்கிறான்."

இறங்கிப் போகவில்லை, தம்பி. இறக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள்!

நான் திரும்பிப் பார்த்தால் ஸ்வெட்டர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார். "உங்களுக்கு யாரும்மா இவங்க?" என்றார். "அப்பாவோட அம்மா" என்றேன். போய் இரண்டு பக்கத்தையும் தாளில் அச்செடுத்து, ஒட்டுப்பட்டி போட்டு இரண்டையும் மடிப்போடு சேர்த்து ஒட்டியே கொடுத்துவிட்டார்.

பாவம் சின்னத்தாத்தா. நான் அவரைக் குறை சொல்லவில்லை. நெரிசலில் நிற்கிறார். எழுத்தர் இடப்பக்கத்தைப் பார்த்து "வழியில இறங்கியாச்சு" என்று சொல்லியிருப்பார். பின்னால் வரிசை தள்ளியிருக்கும். அழுகிற பிள்ளையை யாரோ கையில் திணித்திருப்பார்கள். இது என் ஊகம்தான். வலப்பக்கம் வரை படித்துச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை இருந்திருக்காது.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னார். "அடுத்த வரிசைப் பொம்பளையா? அதானா! என் கைய ஒருத்தங்க இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க, வளையல் அழுத்துச்சு, அது மட்டும்தான் எனக்கு ஞாபகம். இத்தனை நாளா அம்மான்னு நெனச்சிருந்தேன். நான் அந்தம்மாவக் கடிச்சு வச்சேன்னு நெனைக்கறேன்" என்றார். சிரித்தார். எத்தனை காலமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

கொஞ்ச நேரம் கழித்து, தாளை மடித்துக்கொண்டே கேட்டார்: "காய்ச்சல் சரி. கொணமாயிருந்தா அப்புறமாவது வந்திருக்கலாம்ல?"

யோசித்துப் பார், இரண்டே வழிதான். ஒன்று, அவள் அந்த மருத்துவமனையிலேயே போய்விட்டாள். இல்லை, பிழைத்தும் வரவில்லை. இந்த இரண்டில் எதற்கு அப்பா பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

நான் விடப்போவதில்லை. அந்தத் துறைமுகத்திலிருந்து அதற்குப் பிறகு இங்கே வந்த கப்பல்கள் எல்லாவற்றையும் பார்க்கப்போகிறேன். வக்கீலம்மாவுக்கு ஒட்டிய தாளைப் படமெடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டதாக இரண்டு நீலக்கோடு வந்தது, பதில் இன்னும் வரவில்லை. உன்னிடமிருந்தும் ஒரு வரி வந்தால் நன்றாக இருக்கும்.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா


ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நடுவில் பல வாரம் நான் எழுதவில்லை. உன் மௌனத்துக்குப் பதில் மௌனம் என்று நினைத்துவிடாதே. படிப்பறையிலேயே குடியிருந்தேன். முட்டிக்கு ஒரு சின்னத் தலையணைகூடக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

கணினியில் பாட்டியின் பெயரைப் போட்டால் அந்த முதல் கப்பல் மட்டும்தான் வந்தது. நான் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது ஸ்வெட்டர்காரர் சொன்னார், கணினியில் பெயர் தேடும் பட்டியலைத் தயாரித்தவர்கள் இங்கே குடியேறியவர்களையும் வழியில் இறங்கியவர்களையும் மட்டுமே சேர்த்தார்களாம். வந்தும் கரையிறங்க விடப்படாதவர்களைச் சேர்க்கவில்லையாம். அப்படியும் சிலர் உண்டா என்று கேட்டேன். "எவ்வளவோ பேரும்மா" என்றார். அதற்குப் பிறகு பெயர் தேடுவதை விட்டேன். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்துவது போல, கப்பல் கப்பலாக, பக்கம் பக்கமாக, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தேன். ஒரு கப்பலில் தச்சர்கள் மட்டும் வந்தார்கள். இன்னொன்றில் ஒரே வீட்டின் ஏழு பிள்ளைகள், ஏழாவது நடுக்கடலில் பிறந்தது. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு நாளும் அப்பாவுக்கு அன்றைய கப்பலைச் சொல்வேன். அவர் கேட்காதது போலக் கேட்பார்.

வியாழக்கிழமை கண்டுபிடித்தேன். அதே பெயர், அதே ஊர், கணவர் பெயர், ரயில் பட்டறைக் குடியிருப்பு முகவரி. வயது இருபத்திரண்டு என்பது இருபத்துமூன்று ஆகியிருந்தது. வந்திருக்கிறாள், தம்பி! வந்திருக்கிறாள்! நான் எழுந்து நின்றுவிட்டேன். படிப்பறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்வெட்டர்காரர் "கெடச்சுட்டாங்களா?" என்று அங்கிருந்தே கத்தினார். அமைதி காக்கச் சொல்லும் பலகையின் கீழே நின்றுகொண்டு!

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. அந்தப் பட்டியலில் "யாரிடம் செல்கிறார்" என்று ஒரு கட்டம் உண்டு. அந்தப் பக்கத்தில் எல்லோரும் பெண்கள். முதல் பெண்ணுக்கு "கணவரிடம்" என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே எழுத்தர் மேற்படிக் குறிகளை இரண்டிரண்டு கீற்றாகப் போட்டுக்கொண்டே வருகிறார். மேற்படி, மேற்படி, மேற்படி. பாட்டியின் வரியில் அந்தக் கீற்று நிற்கிறது. பேனாவைத் திரும்ப மையில் தொட்டிருக்கிறார் போல, எழுத்துக் கருப்பாக இருக்கிறது. "மகனிடம்" என்று எழுதியிருக்கிறது.

கணவர் முகவரியைக் கொடுத்தவளுக்குக் கணவரிடம் என்று சொல்லத் தெரியாதா? கேட்ட எழுத்தரிடம் அவள் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

பிறகு வலப்பக்கத்தைத் திறந்தேன். திறக்காமல் வந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. "ஏற்க உறவினர் எவரும் வரவில்லை. இறங்க அனுமதி மறுக்கப்பட்டது. திரும்பும் பயணத்தில் அனுப்பப்பட்டார்." தனியாக வரும் பெண்ணை, அழைத்துப்போக வீட்டார் வந்தால்தான் அப்போது இறக்குவார்களாம். நம் தாத்தா அதற்குள் வெட்கம் தாங்காமல் உள்நாட்டுப் பட்டறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வந்த சில வாரத்தில் மறுபடி ரயில் ஏறினோம் என்று அப்பா சொல்வாரே, அது. அவளுக்காக யாராவது அந்தப் பழைய முகவரிக்குத் தகவல் அனுப்பியிருந்தாலும், பூட்டிய வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

அப்பாவிடம் முதல் பாதியை மட்டும் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் பாதிப் பக்கம் படித்ததால் வந்த வினையைத்தானே இத்தனை காலம் அனுபவித்தோம்? இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டேன்.

"மகனிடம்" என்பதை எத்தனை தரம் படிக்கச் சொன்னார் என்று கணக்கில்லை. அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டார். அந்த மகன் தான்தான் என்று எனக்கே விளக்கம் சொன்னார். அப்புறம் வலப்பக்கம். நான் அழுவார் என்று பயந்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னது இதுதான்: "அவ வந்துட்டா. நாமதான் போய்க் கூட்டிட்டு வரல."

அன்றிலிருந்து வீட்டில் ஒரே அமர்க்களம். முடிவெட்ட வந்தவர் பஸ் நெரிசலைப் பற்றி அலுத்துக்கொண்டார். அப்பா விட்டாரா? "எங்கம்மா ரெண்டு தடவ கப்பலேறி வந்தவ. நீ ஒரு பஸ் ஏறி வர்றதுக்கு இவ்ளோ பேசற!" மின்சாரம் அளக்க வந்த பையனுக்கும் கதை. அவன் அளவைத் தப்பாக எழுதிக்கொண்டு போய், மறுநாள் திரும்பி வந்தான். மாமா இரண்டு கப்பலின் தாளுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டார். சட்டம் கொஞ்சம் கோணல், சொல்லாதே. வக்கீலம்மா குடும்பக் குழுவில் சிவப்பு வட்டம் போட்ட பழைய படத்தை நீக்கிவிட்டு "மேல்முறையீடு ஏற்கப்பட்டது, பெரியப்பாவிடம் மன்னிப்புக் கோருகிறேன்" என்று போட்டாள். மறுநாள் நேரிலும் வந்தாள். அப்பா அவளை உட்காரவைத்து இரண்டு கப்பலையும் ஆதியிலிருந்து சொன்னார். நல்ல பெண், முழுக்கக் கேட்டாள்.

திரும்பிப் போகும் கப்பல்களுக்கும் தனிப் பட்டியல் உண்டாம். அடுத்து அதுதான். அவள் எங்கே போய் இறங்கினாள், எப்படி வாழ்ந்தாள் என்று தெரியும்வரை நான் ஓயப்போவதில்லை. ஸ்வெட்டர்காரர் எனக்கென்று ஜன்னலோர மேசையை ஒதுக்கி வைத்திருக்கிறார்.

இன்னும் ஒரு விஷயம். கூடத்தில் இருக்கும் வீட்டுத் தொலைபேசியை எடுத்துவிடலாம் என்று மாமா போன வாரம் சொன்னார். யாரும் அதில் கூப்பிடுவதில்லை, எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அப்பா வேண்டாம் என்றார். "இருந்துட்டுப் போகட்டும். வெளியூர்ல இருக்கறவங்களுக்கு அந்த நம்பர்தான் மனப்பாடமா இருக்கும்" என்றார். வெளியூரில் இருப்பவர்கள் என்று பன்மையில் சொன்னார். நமக்கு வெளியூரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இன்று காலை எனக்கு முன்னாலேயே எழுந்து அந்தத் தொலைபேசியைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "தூசி" என்கிறார்.

அவர் அன்று வாசலில் சொன்னது தப்பு. அதை அவர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நீ நினைத்தால் அதுவும் நியாயம்தான். அவருக்குச் சொல்ல வருமா என்று எனக்குத் தெரியவில்லை. எண்பது வயதுக்கு மேல் ஒருவருக்குப் புதிதாக ஒரு வாக்கியம் பழக்குவது கஷ்டம். ஆனால் கப்பல் கதையைச் சொல்வார். ஆதியிலிருந்து, நிறுத்தாமல். நீ சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பாப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்.

நீங்கள் மூவரும் நீடூழி வாழ வேண்டும். இதற்கு மேல் அக்காவுக்கு எழுதத் தெரியவில்லை. ஒன்றே ஒன்று செய்து பார். இது கைக்குக் கிடைத்ததும் வரும் ஞாயிறு காலையில் என் கைபேசிக்கு இல்லாமல் அந்த வீட்டு எண்ணுக்குக் கூப்பிடு. மணி நீளமாக அடித்தாலும் வைத்துவிடாதே. அவர் நடந்து வந்துகொண்டிருப்பார்.

உன் அக்கா